ஒட்டலாமா, மாற்றணுமா, தொடவே கூடாதா?

மிக்ஸி மோட்டார் நன்றாக இருக்கிறது. வேகம் கூட்டும் குமிழ் உடைந்து கையோடு வந்துவிட்டது. வாஷிங் மெஷின் ஓடுகிறது. மேல்மூடியின் கீல் விட்டுப்போயிற்று. ஃப்ரிட்ஜ் குளிர்கிறது, காய்கறிப் பெட்டியில் நடுவாக ஒரு விரிசல். இப்படி ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு ஒடிந்ததற்காகவே மூலைக்குப் போன சாதனம் எந்தத் தெருவிலும் இருக்கும். கம்பெனி சர்வீஸில் கேட்டால், "தனியா அந்தப் பார்ட் வராதுங்க, முழு செட்டாத்தான் மாத்தணும்" என்பார்கள். காசு அதிகம் என்று வீட்டுக்காரர்கள் ரப்பர் பேண்டு போட்டுச் சமாளிக்கிறார்கள்.

இந்த இடைவெளியில் ஒரு தொழில் இருக்கிறது. முதலில் உங்கள் வீட்டுக்குச் செய்துகொள்ளலாம். கை பழகிய பிறகு தெருவுக்கும் ஊருக்கும் செய்து கூலி வாங்கலாம். செவிலிமேட்டை வைத்தே இதைப் பார்ப்போம்.

ஏன் செவிலிமேடு?

காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரம், பாலாற்றங்கரை. வந்தவாசி சாலை இங்கேதான் பாலம் ஏறி ஆற்றைக் கடக்கிறது. முன்பு தனிப் பேரூராட்சி. இன்று காஞ்சிபுரம் மாநகராட்சியின் பகுதி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஐயங்கார்குளம் போன்ற ஊர்களிலிருந்து காஞ்சிபுரம் கடைத்தெருவுக்கு வருபவர்கள் இந்த வழியாகத்தான் நுழைகிறார்கள். சாலையோரம் ஒரு மேசையும் ஒரு பலகையும் போட்டால் கண்ணில் படும்.

வேலைக்குப் பஞ்சம் வராது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. தமிழக அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. குடும்ப அட்டைதாரர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் கொடுத்த அந்தச் சாதனங்கள் இன்று பத்து வயதைத் தாண்டிவிட்டன. பல வீடுகளில் மோட்டார் இன்னும் உழைக்கிறது, பிளாஸ்டிக்தான் கைவிடுகிறது. ஒரே மாதிரி சாதனம் பல வீடுகளில் இருப்பது ரிப்பேர்காரருக்கு வரம். ஒரு மாடலைப் பிரித்துப் பழகினால் பல வீட்டுக்கு அது போதும்.

சென்னை நெடுஞ்சாலையில் போனால் சுங்குவார்சத்திரம். அங்கே உள்ள சாம்சங் ஆலையில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் டிவியும் தயாராகின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று கம்பெனி பஸ் ஏறிப்போகும் நம் ஊர்ப் பிள்ளைகளில் பிளாஸ்டிக் பாகம் வார்க்கும் மெஷினோடு பழகியவர்களும் இருக்கிறார்கள். ஏபிஎஸ், பிபி என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் தொடங்க அவர்களுக்கு இது தோதான வேலை. தறி வேலை குறைந்த வீடுகளில், நுணுக்க வேலைக்குப் பழகிய கைகளுக்கும் இது பொருந்தும்.

முதல் பாடம்: இனம் காணுதல்

பெரும்பாலானோர் செய்யும் தவறு, உடைந்ததும் பெவிக்விக் வாங்க ஓடுவது. பசை பிறகு. அது எந்த பிளாஸ்டிக் என்பதுதான் முதல் கேள்வி. இதற்கு நாலு சோதனைகள் போதும்.

முதலாவது, எழுத்தைத் தேடுங்கள். பாகத்தின் உட்புறத்திலோ அடியிலோ ஏபிஎஸ், பிபி, பிஎஸ் (பாலிஸ்டைரீன்), பிசி (பாலிகார்பனேட்), பிஏ (நைலான்) என்று ஆங்கிலச் சுருக்கம் அச்சாகியிருக்கும். முக்கோண அம்புக்குறிக்குள் எண் இருந்தால் 2 என்பது ஹெச்டிபிஈ, 3 பிவிசி, 5 பிபி எனும் பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன். 7 என்றால் மற்றவை. ஏபிஎஸ்ஸும் பாலிகார்பனேட்டும் அதில் அடங்கும்.

இரண்டாவது, தண்ணீர். உடைந்த சின்னச் சில்லைத் தண்ணீரில் போட்டு, ஒட்டிய காற்றுக் குமிழியை விரலால் தட்டிவிடுங்கள். மிதந்தால் பிபி அல்லது பாலிஎத்திலீன். மூழ்கினால் ஏபிஎஸ், பாலிஸ்டைரீன், நைலான், பாலிகார்பனேட் போன்றவற்றில் ஒன்று. பிபியின் அடர்த்தி சுமார் 0.9, ஏபிஎஸ்ஸுக்குச் சுமார் 1.05. டால்க் போன்ற பொடி கலந்து வார்த்த பிபி சில சமயம் மூழ்கிவிடும். அதனால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பக் கூடாது.

மூன்றாவது, அசிட்டோன். பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு தொட்டு, வெளியே தெரியாத உட்புறத்தில் தடவுங்கள். பிசுபிசுத்தால் ஏபிஎஸ் அல்லது பாலிஸ்டைரீன். ஒன்றுமே ஆகாவிட்டால் பிபி, பாலிஎத்திலீன் அல்லது நைலான். நகப்பூச்சு அழிக்கும் திரவங்களில் பலவற்றில் இப்போது அசிட்டோன் இருப்பதில்லை. லேபிளைப் படித்து வாங்குங்கள். கண்ணாடி போன்ற பாலிகார்பனேட்டில் அசிட்டோன் பட்டால் மயிர்க்கோடுகளாக வெடிக்கும். தெளிவான பாகம் என்றால் இந்தச் சோதனையே வேண்டாம்.

நாலாவது, நகமும் காதும். மெழுகு தடவினாற்போல் வழவழப்பாக, மடக்கினால் வளைந்து வெளுத்தால் அது பிபி. மேசையில் தட்டும்போது கணீர் என்று ஒலித்து, வளைக்கும் முன்பே பட்டென்று உடைந்தால் பாலிஸ்டைரீன். ஃப்ரிட்ஜின் தெளிவான காய்கறிப் பெட்டிகளில் பல இதுதான். மிக்ஸி உடம்பு பெரும்பாலும் ஏபிஎஸ்.

கொளுத்தி, புகையின் மணத்தை வைத்து இனம் காணச் சொல்பவர்கள் உண்டு. வீட்டுக்குள் அதைச் செய்யாதீர்கள். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நெஞ்சை அடைக்கும்.

மேசையில் இருக்க வேண்டியவை

தொடக்கத்துக்குப் பெரிய முதல் தேவையில்லை. 25 வாட் சால்டரிங் அயர்ன், கையால் சுற்றும் சின்ன டிரில், 1 முதல் 3 மி.மீ. வரை டிரில் பிட்கள், 120, 240, 400 எண் உப்புத்தாள், பிளேடு, துணி கிளிப், மெல்லிய செப்புக்கம்பி, ஸ்டெயின்லெஸ் கம்பிவலைத் துண்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அசிட்டோன், பெவிக்விக், அரால்டைட், எம்-சீல், ஆப்பசோடா. அளவெடுக்க ஒரு டிஜிட்டல் வெர்னியர். நைட்ரைல் கையுறை, கண்ணாடி. சால்டரிங் சாமான்களுக்குச் சென்னை ரிச்சி தெரு இருக்கிறது. மற்றதெல்லாம் காஞ்சிபுரம் ஹார்டுவேர் கடையிலும் மருந்துக் கடையிலும் கிடைத்துவிடும்.

இன்னொன்றும் வேண்டும்: காயலான் கடையோடு சிநேகம். உடைந்த மிக்ஸி உடம்பு, கழித்த வாஷிங் மெஷின் பேனல் எல்லாம் எடைக்கு வாங்கி, இனம் பிரித்து டப்பாவில் வையுங்கள். ஏபிஎஸ்ஸுக்கு ஏபிஎஸ், பிபிக்கு பிபி என்று நிரப்புப் பொருள் அதிலிருந்துதான் வரும். பழைய டிவிப் பெட்டிகளின் பிளாஸ்டிக்கில் தீத்தடுப்பு ரசாயனம் கலந்திருக்க வாய்ப்புண்டு. சமையல் சாமானுக்கு அதைச் சேர்க்காதீர்கள்.

தறி இருக்கும் வீட்டில் இதைச் செய்பவர்கள் மேசையைத் தறியிலிருந்து தள்ளிப் போடுங்கள். ஒரு சொட்டு பெவிக்விக் பட்டுப் பாவில் விழுந்தால் அந்தச் சேலையை மீட்பது கஷ்டம். பருத்தித் துணியிலோ பஞ்சிலோ அது கொட்டினால் சட்டென்று சூடேறித் தோலைச் சுட்டுவிடும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். விளக்கு, ஊதுவத்தி, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

சேர்ப்பதற்கு மூன்று வழி

கரைத்துச் சேர்ப்பது: ஏபிஎஸ்ஸுக்கு இதுதான் முதல் வழி. ஏபிஎஸ் சில்லுகளைச் சின்னதாக நறுக்கி, மூடியிறுக்கிய கண்ணாடிக் குப்பியில் அசிட்டோனில் ஊறவைத்தால் மறுநாள் தேன் பதத்தில் குழம்பாகிவிடும். விரிசலில் அதைத் தடவினால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கரைந்து ஒன்றாகும். அசிட்டோன் ஆவியாகி வெளியேற 24 மணி நேரமாவது விடுங்கள். அவசரப்பட்டு மாட்டினால் உள்ளே மெத்தென்று இருந்து பிளந்துகொள்ளும்.

உருக்கிச் சேர்ப்பது: பிபிக்கும் பாலிஎத்திலீனுக்கும் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது. ஒட்டினாற்போல் தெரியும், நகத்தால் நெம்பினால் தோலாக உரிந்துவிடும். இவற்றை உருக்கித்தான் சேர்க்க வேண்டும். விரிசலை ஆங்கில வி வடிவில் செதுக்கி, அதே இன பிளாஸ்டிக்கிலிருந்து மெல்லிய கீற்று வெட்டி, அயர்ன் முனையால் இரண்டையும் ஒருசேர இளக்கி நிரப்புங்கள். பிபி சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகும். அயர்ன் முனை அதைப்போல இரு மடங்கு சூடாக இருக்கும். ஒரே இடத்தில் நிறுத்தினால் கருகிப் புகையும். கருகிய பிளாஸ்டிக்குக்கு வலு கிடையாது. முனையை நகர்த்திக்கொண்டே இருங்கள். பின்பக்கம் கம்பிவலைத் துண்டைச் சூடாக்கி உள்ளே அமிழ்த்திவிட்டால் வலு கூடும். பிபிக்கென்றே முதல் பூச்சோடு வரும் இரட்டைப் பசையும் உண்டு. கனம் தாங்காத பாகத்துக்கு அது போதும்.

தைத்துச் சேர்ப்பது: எந்த இனம் என்று தெரியாத பாகத்துக்கும், இழுவிசை வரும் பாகத்துக்கும் இது கைகொடுக்கும். விரிசலின் இரு ஓரமும் 1 மி.மீ. ஓட்டைகள் போட்டு, மெல்லிய ஸ்டெயின்லெஸ் கம்பியால் தையல் போட்டு முறுக்கி, மேலே எபாக்சி பூசுவது. பார்க்க அழகில்லை. ஆனால் மெஷினின் பின்பக்க மூடியில் அழகைப் பார்ப்பவர் யார்?

எந்த வழியானாலும், விரிசல் முடியும் நுனியில் 2 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டுவிட்டுத் தொடங்குங்கள். கூர்நுனியில் குவியும் விசை வட்டமான ஓட்டையில் பரவிவிடும். விரிசல் மேலே ஓடாது.

பெவிக்விக் வகைப் பசையின் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். 1942-ல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக்கில் துப்பாக்கிக் குறிபார்வைக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது அகப்பட்டது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று ஒதுக்கிவைத்து, 1958-ல்தான் பசையாக விற்பனைக்கு வந்தது. இறுக்கி இழுத்தால் தாங்கும். தட்டினாலும் நெம்பினாலும் விட்டுவிடும். சூட்டிலும் ஓயாத ஈரத்திலும் நாளடைவில் தளரும். இடைவெளியை நிரப்ப அதன்மேல் ஆப்பசோடா தூவினால் கணத்தில் கல்லாகும். அப்போது சூடும் புகையும் கிளம்பும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

அரால்டைட்டில் இரண்டு குழாயும் சம அளவு. கைக்கு வந்தபடி பிதுக்கினால் ஒருபோதும் முழுதாக இறுகாது. ராத்திரி பூசி, காலையில் தொடாமல், மறுநாள் ராத்திரி மாட்டுங்கள்.

புதுப்பாவைப் பழைய பாவோடு இழை இழையாகப் பிணைப்பவரைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொழிலின் சூட்சுமம் எளிதில் புரியும். இழை சுத்தமாக, நேராக, சரியான இணையோடு வந்தால்தான் முடிச்சு நிற்கும். இங்கேயும் வேலையில் பெரும்பங்கு துடைப்பதும் தேய்ப்பதும் பொருத்திப் பார்ப்பதும்தான். மசாலா எண்ணெய் படிந்த பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் பிடிக்காது.

கிட்டே பார்ப்போம்: மிக்ஸியின் ஸ்க்ரூ தூண்

அடிக்கடி வரும் வேலை இது. மிக்ஸி ஓடும்போது கடகடவென்று ஆடுகிறது. அடிமூடியைப் பிடித்திருக்கும் நாலு ஸ்க்ரூவில் ஒன்று சும்மா சுற்றுகிறது. ஸ்க்ரூ ஏறும் பிளாஸ்டிக் தூண் நெடுக்காகப் பிளந்திருக்கிறது. யாரோ அதிக முறுக்கு முறுக்கியதன் பலன்.

பிளக்கைக் கழற்றுங்கள். பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுங்கள். ஒயர் எந்த நிறம் எங்கே என்பது பிறகு அதில்தான் தெரியும். தூணைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, வெளிப்புறத்தை 120 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். பிளவை நகத்தால் லேசாகத் திறந்து ஏபிஎஸ் குழம்பை உள்ளே விட்டு, தூணைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பியை நெருக்கமாக ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். கம்பியின் மேலும் குழம்பு பூசுங்கள். தடிமனாக ஒரே பூச்சு வேண்டாம். மெல்லியதாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் உலர்ந்த பிறகு. ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

ஓட்டை அடைபட்டிருந்தால் ஸ்க்ரூவைவிடச் சிறிய பிட்டால் திறக்கவும். 3.5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 2.8 மி.மீ. ஓட்டை கணக்கு. கடைசியாக ஒரு கைப்பழக்கம்: ஸ்க்ரூவை மாட்டும்போது முதலில் எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். 'டக்' என்று பழைய மரையில் விழும். அங்கிருந்து முன்பக்கம் திருப்பினால் புதிதாக மரை வெட்டாமல் அதே வழியில் ஏறும். பிடித்ததும் நிறுத்துங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தாலே பாதித் தூண்கள் பிளக்காது.

ஜாரை மோட்டாரோடு இணைக்கும் மிக்ஸி கப்ளர் தேய்ந்திருந்தால் ஒட்ட வேண்டாம், புதிது போடுங்கள். விலை குறைவு. ஜார் இறுகி நின்றுவிட்டால் மோட்டார் எரியாமல் தான் உடைந்து காப்பாற்றுவதும் அதன் வேலைதான். மோட்டார் மேல் இருக்கும் கப்ளரைக் கழற்ற, தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, மோட்டார் சுழலும் திசையிலேயே கப்ளரைத் திருப்பவும். ஓடஓட இறுகும்படி மரை வைத்திருப்பார்கள். அதனால் சுழலும் திசையில்தான் கழலும்.

தொடக் கூடாதவை

நல்ல ரிப்பேர்காரருக்கு மறுக்கத் தெரிய வேண்டும். கீழே உள்ளவற்றை எவ்வளவு கெஞ்சினாலும் ஒட்டித் தராதீர்கள்.

மின்விசிறி இறக்கை: எடை சமன் குலைந்தால் வேகத்தில் பிய்ந்து பறக்கும். புது இறக்கைதான்.

பிரஷர் குக்கர் கைப்பிடி: பல குக்கர்களில் இது பேக்கலைட். ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகாத வகை. சூடும் அழுத்தமும் சேரும் இடம். மாற்றுவதற்குப் புதுக் கைப்பிடி தாராளமாகக் கிடைக்கிறது.

பிளக், சுவிட்ச், சாக்கெட்: மின்சாரம் பாயும் பாகத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் எதுவும் ஒட்டுவேலைக்கு உரியதல்ல.

கேஸ் ரெகுலேட்டர், டியூப் இணைப்பு: ஏஜென்சிக்கு அனுப்புங்கள்.

மைக்ரோவேவ் கதவுக் கொக்கி: கதவு சரியாக மூடாவிட்டால் ஆபத்து. உள்ளே உள்ள கெபாசிட்டர் பிளக்கைக் கழற்றிய பிறகும் உயிர் பறிக்கும் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதைத் திறக்கவே வேண்டாம்.

வாஷிங் மெஷின் டிரையர் மூடியின் பாதுகாப்பு சுவிட்ச்: மூடி உடைந்தது என்று சுவிட்ச்சை நேராக இணைத்துவிடுவது சிலர் வழக்கம். சுழலும் டிரம்மில் குழந்தை கை விட்டால் கை போகும். மூடியைச் சரிசெய்யுங்கள், சுவிட்ச்சைத் தாண்டிப் போகாதீர்கள்.

உணவு படும் பரப்பு: ஜார் மூடியின் உட்புறம், தண்ணீர் சுத்திகரிப்பானின் உட்பாகம் ஆகியவற்றில் பசையோ எபாக்சியோ கூடாது. சுத்திகரிப்பானின் வடிகட்டிக் கூடு அழுத்தத்தில் நிற்பது. ஒட்டினால் ராத்திரியில் பிளந்து வீட்டை நனைக்கும்.

பாகமே கிடைக்காதபோது

துண்டு தொலைந்துபோனால் ஒட்ட என்ன இருக்கிறது? அச்சு எடுக்க வேண்டியதுதான். வாஷிங் மெஷின் டைமர் குமிழ், ஃப்ரிட்ஜ் தட்டுத் தாங்கி, மாவரைக்கும் கிரைண்டரின் லாக் போன்ற சின்ன பாகங்களுக்கு 3டி பிரிண்டிங் சரியான வழி. மெஷின் நீங்கள் வாங்க வேண்டியதில்லை. வெர்னியரால் அளவெடுத்து, வரைந்து, சென்னையில் அச்சிட்டுத் தருபவரிடம் கோப்பை அனுப்பினால் போதும். வரையக் கற்பதில்தான் எதிர்காலம் இருக்கிறது. இலவச மென்பொருள்கள் உண்டு. பாலிடெக்னிக் படித்தவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

பொருளைக் கேட்டு வாங்குங்கள். மலிவாக அச்சாகும் பிஎல்ஏ சுமார் 60 டிகிரியில் இளகிவிடும். மே மாத வெயிலில் மொட்டைமாடி வாஷிங் மெஷினுக்கு அது ஆகாது. பிஇடிஜி சுமார் 80 டிகிரி வரை, ஏபிஎஸ் சுமார் 100 வரை தாங்கும்.

பெரிய கம்பெனிகளும் இந்தப் பக்கம் திரும்புகின்றன. சில சாதனங்களுக்கான மாற்றுப் பாகங்களை வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்ளும்படி வரைபடங்களை வெளியிடும் திட்டத்தை பிலிப்ஸ் 2025-ல் தொடங்கியது. 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய 'ரிப்பேர் கஃபே' என்ற பழுதுபார்க்கும் கூடல் உலகின் பல நாடுகளுக்குப் பரவி, பெங்களூருக்கும் வந்துவிட்டது. நம் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கியது. எந்தக் கம்பெனி சாதனத்துக்கு எங்கே உதிரிபாகம், யாரைக் கேட்பது என்பதை ஒரே இடத்தில் தேட அது உதவும். பாகம் தர மறுத்து இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

தொழிலாக்கும் முறை

முதல் மாதங்களில் உங்கள் வீடு, சொந்தக்காரர் வீடு என்று மட்டும் செய்யுங்கள். செய்த ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: சாதனம், மாடல், பிளாஸ்டிக் இனம், சேர்த்த வழி, தேதி. திரும்பி வந்தால் ஏன் வந்தது என்பதும் அதில் ஏறட்டும். அந்த நோட்டுதான் உங்கள் அனுபவச் சான்றிதழ்.

கூலி கணக்கு எளிது: செலவான நேரம், பொருள், திரும்பி வந்தால் இலவசமாகச் செய்ய ஒரு பங்கு. மூன்றும் சேர்ந்து புதுப் பாகத்தின் விலையில் பாதியைத் தாண்டினால், "புதுசு வாங்கிடுங்க" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல்லில் கிடைக்கும் நம்பிக்கை அடுத்த பத்து வேலையைக் கொண்டுவரும்.

வேலை கையில் வந்ததும் மூன்றில் ஒரு பதில் சொல்லிப் பழகுங்கள்: ஒட்டலாம், மாற்றணும், தொடக்கூடாது. மழுப்பினால் வம்பு. கடையில் நடப்பது இப்படி இருக்கும்:

"தம்பி, இந்த மூடிய ஒட்டித் தர்றியா? நாளைக்கு விசேஷம், துணி மலையா கிடக்குது."

"ஒட்டலாம்க்கா. ஆனா இது பிபி, பசையில நிக்காது, உருக்கித்தான் சேக்கணும். தழும்பு தெரியும். நாளைக்குச் சாயங்காலம் தர்றேன். இன்னிக்கே வேணும்னா கம்பி போட்டுத் தர்றேன், ஒரு வாரம் ஓடும்."

தழும்பு தெரியும், நேரமாகும், இவ்வளவு நாள் ஓடும் என்று மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிறகு சண்டை இல்லை. கொடுக்கும்போது ரசீதில் எழுதித் தாருங்கள். வாரண்டி காலம் முடியாத சாதனம் என்றால் திறக்கும் முன் வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். சீலை உடைத்தால் கம்பெனி கைவிரித்துவிடும். முதலில் வாரண்டி கார்டைத் தேடச் சொல்லுங்கள்.

ஏன் உடைந்தது என்பதையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லி அனுப்புங்கள். வெயில் படும் இடத்தில் வாஷிங் மெஷின் வைத்தால் ஏபிஎஸ் மஞ்சளித்து நொறுங்கும். ஃப்ரிட்ஜ் தட்டுகளைக் குளிர்ச்சியோடு எடுத்துச் சுடுதண்ணீரில் கழுவினால் பாலிஸ்டைரீன் வெடிக்கும். எண்ணெய்க் கையோடு பிடிக்கும் குமிழ்களில் விசை இருக்கும் இடத்தில் மயிர்க்கோடு விழும். இதைச் சொல்வதால் வேலை குறையாது, பேர் வளரும்.

ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் வீட்டை ஒழிப்பார்கள். மூலையில் கிடந்ததெல்லாம் வெளியே வரும். மாவு அரைத்து விற்கும் கடைகளும் டிபன் கடைகளும் ஆண்டு முழுக்க வாடிக்கை. அவர்களுக்குக் கிரைண்டர் ஒரு நாள் நின்றால் வியாபாரம் நிற்கும். மோட்டார் ராட்டையில் தார் சுற்றும் நெசவாளர் வீடுகளையும் மறக்காதீர்கள். அங்கே உடையும் பிளாஸ்டிக்குக்கும் இதே வைத்தியம்தான். மிக்ஸி, ஃபேன் மெக்கானிக்குகளோடு போட்டி போட வேண்டாம். மோட்டார் வேலை அவர்களுக்கு, பிளாஸ்டிக் வேலை உங்களுக்கு என்று கைமாற்றிக்கொண்டால் இரண்டு பேருக்கும் லாபம்.

பயிற்சியும் பதிவும்

முறையாகப் படிக்க விரும்புவோருக்குச் சென்னை கிண்டியில் சிப்பெட் இருக்கிறது. பிளாஸ்டிக் தொழிலுக்கென்றே 1968-ல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம். டிப்ளமோ படிப்புகளோடு குறுகியகாலப் பயிற்சிகளும் நடத்துகிறது. பிளாஸ்டிக் இனங்களின் குணம் பிடிபட்டால் ரிப்பேர் மட்டுமல்ல, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பிளாஸ்டிக் பாகம் வார்க்கும் ஆலைகளில் வேலைக்கும் கதவு திறக்கும். மின்சாரப் பக்கம் பலப்பட ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் அல்லது வயர்மேன் பிரிவு.

கடை வைப்பதென்றால் மாநகராட்சியின் தொழில் உரிமம் வாங்குங்கள். உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். காசு கேட்கும் இடைத்தரகரை நம்பாதீர்கள். முதல் வேண்டுமானால் 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை சொத்துப் பிணை இல்லாமல் வங்கிக் கடன் கேட்கலாம். மானியத்தோடு வரும் திட்டங்களுக்குக் காஞ்சிபுரம் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை.

ஒன்றுக்கும் உதவாது என்று தேறிய சாதனத்தைப் பாலாற்றில் வீசவோ குப்பையோடு எரிக்கவோ கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, தயாரித்த கம்பெனிகளுக்கே அதை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு உண்டு. சேர்த்துவைத்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு மூலையில் கிடக்கும் ஒரு சாதனத்தை எடுங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். உடைந்த துண்டின் பின்பக்கம் என்ன எழுத்து என்று பாருங்கள். சில்லைத் தண்ணீரில் போடுங்கள். அன்றைக்குப் பசையைத் தொடவே வேண்டாம். எந்த இனம், எங்கே விசை, எங்கே சூடு என்று மூன்று கேள்விக்கும் விடை தெரிந்த பிறகு, ஒட்டலாமா, மாற்றணுமா, தொடக்கூடாதா என்று முடிவு செய்யுங்கள். அந்த முடிவைத் தயங்காமல் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் தொழிலில் கூலி.